அரை இன்ச் மேலே... ரேஸ் படகை மாற்றிய கோபக்கார மனுஷன் கார்ல் கீக்ஹேஃபர்!

படகின் பின்பலகையில் மோட்டாரைத் தொங்கவிட்டு, ரெண்டு கிளாம்ப் ஸ்க்ரூவையும் இறுக்கி முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். ஏரியில் தூண்டில் போடப் போகிறவருக்கு அது போதும். ரேஸுக்குப் போகிறவருக்கு வேலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மோட்டாரை அரை இன்ச் உயர்த்தி மாட்டினால் படகு பறக்கும். இன்னும் கொஞ்சம் ஆசைப்பட்டு உயர்த்தினால், முதல் வளைவிலேயே புரொப்பல்லர் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைக் குடித்துவிட்டு சும்மா சுற்றும். இன்ஜின் அலறும், படகு நகராது.

இந்த அரை இன்ச் விவகாரத்தைத் தன் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டவர் கார்ல் கீக்ஹேஃபர். பெயர் சட்டென்று வாயில் நுழையாது. ஆனால், அவர் உருவாக்கிய 'மெர்க்குரி' மோட்டாரை எங்கேயாவது நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஹாலிவுட் படங்களில் ஸ்பீடு போட் சேஸிங் வந்தால், படகின் பின்னால் கறுப்பாக ஒன்று தொங்கும் இல்லையா... பல நேரங்களில் அது மெர்க்குரியாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் மெக்வான் என்ற ஊரில், 1906 ஜூன் 4-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கார்ல். ஜெர்மானிய வம்சாவளி. பால் பண்ணைகள் நிறைந்த ஏரியா அது. பையனுக்கோ மாட்டைவிட மெஷின் மேலேதான் கண். பக்கத்திலிருக்கும் மில்வாக்கியில், காந்தக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பல வருடங்கள் டிசைன் வேலை பார்த்தார். படகுக்கும் அவருக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை.

1939-ல்தான் கதை திரும்புகிறது. சீடர்பர்க் என்ற சின்ன ஊரில் ஒரு மோட்டார் கம்பெனி நொடித்துப்போய்க் கிடந்தது. அதை கார்ல் குடும்பத்தின் உதவியோடு வாங்கினார். பால் பண்ணைகளுக்கு வேண்டிய காந்தக் கருவிகளை அங்கே தயாரிக்கலாம் என்பது பிளான். கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே சுமார் 300 அவுட்போர்டு மோட்டார்கள் குவிந்துகிடக்கின்றன. 'மான்ட்கோமரி வார்டு' என்ற பெரிய சில்லறை வியாபார நிறுவனம் ஆர்டர் கொடுத்து, சரியாக ஓடவில்லை என்று திருப்பி அனுப்பிய சரக்கு!

கையில் காசு தேவை. எனவே அந்த மோட்டார்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கோளாறைக் கண்டுபிடித்து, சரிசெய்து, திருப்பி அனுப்பிய அதே நிறுவனத்திடமே விற்றார். மோட்டார்கள் நன்றாக ஓடவே, அவர்கள் மேலும் ஆர்டர் கொடுத்தார்கள். காந்தம் ஓரமாகப் போய்விட்டது. அடுத்த வருடமே சொந்த டிசைனில் மோட்டார் செய்து, ரோமானியக் கடவுளின் பெயரான மெர்க்குரியைச் சூட்டி, நியூயார்க் படகுக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். 16,000 மோட்டார்களுக்கு ஆர்டர் குவிந்தது. ஒரு வருடத்துக்கு முன்பு இவருக்கு மோட்டார் தொழிலே தெரியாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

உடனே இரண்டாம் உலகப் போர் குறுக்கே வந்தது. அலுமினியம் எல்லாம் ராணுவத்துக்கு என்று ஆனதும் படகு மோட்டார் தயாரிப்பு நின்றது. கீக்ஹேஃபர் அசரவில்லை. மரம் அறுக்கும் செயின்-சாவுக்கு டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் செய்து ராணுவத்துக்குக் கொடுத்தார். எடை குறைவாக இருக்க வேண்டும், அதிக வேகத்தில் சுற்ற வேண்டும், காட்டில் போட்டு அடித்தாலும் நிற்கக் கூடாது... ரேஸ் மோட்டாருக்கு என்னவெல்லாம் வேண்டுமோ, அதையெல்லாம் ராணுவத்தின் செலவிலேயே அவர் கற்றுக்கொண்டார் என்று சொன்னால் மிகையில்லை.

10 ஹெச்.பி என்று எழுதிய பொய்!

1947-ல் 'லைட்னிங்' என்ற மாடல் வந்தது. மேலே எழுதியிருந்தது 10 ஹெச்.பி. வாங்கி ஓட்டியவர்களுக்குத் தலை சுற்றியது. அதைவிடப் பெரிய நம்பர் எழுதிய மற்ற கம்பெனி மோட்டார்களை இது சர்வசாதாரணமாக முந்தியது. காரணம், உண்மையான சக்தி எழுதியிருந்ததைவிட அதிகம். எல்லோரும் நம்பரைக் கூட்டி எழுதுவார்கள் என்றால், இவர் குறைத்து எழுதினார். வாங்கியவனே ஊரெல்லாம் போய்ச் சொல்லுவான் இல்லையா... விளம்பரச் செலவு மிச்சம்! 1949-ல் வந்த நான்கு சிலிண்டர் 'தண்டர்போல்ட்'டும் இதே ரகம்தான். எழுதியது 25 ஹெச்.பி, ஓடியது வேறு கணக்கில்.

இந்த நேரத்தில் அமெரிக்காவில் 'ஸ்டாக் அவுட்போர்டு' ரேஸ் சூடுபிடித்தது. அதற்கு முன்பு படகு ரேஸ் என்றால் ஆல்கஹால் கலந்த எரிபொருளும், ஸ்பெஷலாகச் செய்த இன்ஜினும் வேண்டும். பணக்காரர்கள் விளையாட்டு. ஸ்டாக் ரேஸில் விதி எளிமையானது. கடையில் விற்கும் மோட்டாரை, விற்கும் நிலையிலேயே ஓட்ட வேண்டும். பிஸ்டனைத் தேய்க்கிறேன், போர்ட்டைப் பெரிதாக்குகிறேன் என்று இன்ஜினுக்குள் கைவைத்தால், ஜெயித்தாலும் பரிசோதனையில் பிடிபட்டு வெளியே போக வேண்டியதுதான். சாதாரண மெக்கானிக்கும் கல்லூரிப் பையனும்கூட ரேஸுக்கு வரலாம் என்ற நிலை வந்தது.

இங்கேதான் அந்த அரை இன்ச் உள்ளே வருகிறது. எல்லோரிடமும் ஒரே மோட்டார். உள்ளே எதையும் தொடக் கூடாது. அப்படின்னா ஒருவன் எப்படி ஜெயிப்பான்? மோட்டாரைப் படகில் எப்படி உட்கார வைக்கிறான் என்பதில்தான்!

ரனபவுட் என்பது சின்ன, லேசான, மரத்தாலான படகு. அடிப்பகுதியில் படிக்கட்டு மாதிரி வெட்டோ, பக்கவாட்டில் மிதவையோ கிடையாது. ஓட்டுநர் உள்ளே முழங்காலிட்டு, முன்னால் குனிந்து ஓட்டுவார். வேகம் பிடித்ததும் படகின் பெரும்பகுதி தண்ணீருக்கு மேலே வந்துவிடும், பின்பக்கம் கொஞ்சம்தான் தண்ணீரை உரசிக்கொண்டு ஓடும். அப்போது தண்ணீருக்குள் அதிகமாக மூழ்கியிருப்பது மோட்டாரின் கீழ்ப்பகுதிதான். பல் சக்கரங்கள் இருக்கும் அந்தப் பெட்டிதான் படகைப் பிடித்து இழுக்கும் பிரேக். மோட்டாரை உயர்த்தினால் அந்த இழுவை குறையும், வேகம் கூடும். ரொம்ப உயர்த்தினால் புரொப்பல்லருக்குப் பிடிமானம் போய்விடும். சில மோட்டார்களில், குளிரூட்டும் தண்ணீர் உள்ளே போகாமல் இன்ஜினே சூடாகி இறுகிவிடவும் வாய்ப்பு உண்டு. அதனால், மோட்டாரின் கொக்கிக்கு அடியில் மெல்லிய மரத்துண்டுகளை வைத்து, படகின் அடிமட்டத்திலிருந்து புரொப்பல்லர் தண்டு எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஸ்கேல் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு துண்டைச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது, எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது. ஸ்டாப்வாட்ச் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு.

அடுத்தது சாய்வு. மோட்டாரின் கால் படகை ஒட்டி உள்வாங்கியிருந்தால் மூக்கு தண்ணீரில் அழுந்தும், வேகம் குறையும். வெளியே தள்ளினால் மூக்கு தூக்கும், படகு லேசாகிப் பறக்கும். ஆனால், அளவு தாண்டினால் குதிரை மாதிரி மூக்கு மேலும் கீழும் குதிக்க ஆரம்பிக்கும், எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக இருந்தால் படகு அப்படியே பின்பக்கமாகப் புரண்டுவிடும். ஓட்டுநரின் எடை, அன்றைய அலை, காற்று எல்லாம் சேர்ந்துதான் சரியான சாய்வை முடிவு செய்யும். நேற்று ஜெயித்த செட்டிங் இன்று தோற்கடிக்கும்.

மூன்றாவது புரொப்பல்லர். இலை அதிகமாக முறுக்கியிருந்தால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் தள்ளும். ஆனால், வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்ஜின் திணறும். குறைவான முறுக்கு என்றால் சட்டென்று கிளம்பும், நேர்ப்பாதையில் இன்ஜின் தேவைக்கு மேல் சுற்றி வீணாகும். டூ வீலரில் ஸ்ப்ராக்கெட் மாற்றுகிறவர்களுக்கு இது உடனே புரியும். ரேஸ்காரர்கள் சாப்பாட்டுப் பையைக்கூட மறப்பார்கள், புரொப்பல்லர் பெட்டியை மறக்க மாட்டார்கள்.

கீக்ஹேஃபர் இந்தக் கணக்கை வேறு யாரையும்விட முன்னதாகப் படித்துவிட்டார். ஓட்டுநர்கள் மரத்துண்டு வைத்துத் தேடிக்கொண்டிருந்ததை, அவர் ஃபேக்டரியிலேயே செய்துகொடுத்தார். ரேஸுக்கென்றே ஒரு கீழ்ப்பகுதியைத் தயாரித்து விற்றார். பெயர் 'குயிக்சில்வர்'. அதாவது பாதரசம். மெர்க்குரி என்றாலும் பாதரசம்தான் என்பதால், பெயரிலேயே ஒரு குறும்பு. தண்ணீரைக் கிழிக்கும்படி ஒல்லியான உடல். சாதாரண மோட்டாரில் பல் சக்கரங்கள் புரொப்பல்லரின் சுற்றை நன்றாகக் குறைத்துவிடும். இதிலோ இன்ஜின் சுற்றுகிற வேகத்துக்குக் கிட்டத்தட்ட நெருக்கமாகவே புரொப்பல்லரும் சுற்றும். கம்பெனியே விற்கிற பொருள் என்பதால் விதிப்படியும் சரி!

உள்ளேயும் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. மற்றவர்கள் சாதாரண புஷ் போட்டுச் சமாளித்த இடங்களில் பால் பேரிங், ரோலர் பேரிங் வைத்தார். அதனால் மெர்க்குரி நிம்மதியாக அதிவேகத்தில் சுற்றியது. பெரிய எதிரிகளான ஜான்சனும் எவின்ரூடும் போருக்குப் பிறகு ரேஸில் பெரிதாக அக்கறை காட்டவில்லை. 1950-களில் பல ஸ்டாக் ரேஸ்களின் தொடக்கக் கோட்டில் நின்றால், இடமும் மெர்க்குரி, வலமும் மெர்க்குரி. 20 க்யூபிக் இன்ச் அளவுள்ள 'மார்க் 20ஹெச்' என்ற குட்டி மோட்டாரை, அமெரிக்காவின் பழைய ரேஸ்காரர்கள் இன்றும் தேடிப்பிடித்து, துடைத்து, ஓட்டுகிறார்கள்.

ஒரு ரகசிய ஏரி

ரேஸில் ஜெயித்தால் மட்டும் போதுமா? இந்த மோட்டார் ரெண்டு ரேஸ் தாங்கும், அப்புறம் படுத்துவிடும் என்று போட்டியாளர்கள் பேச ஆரம்பித்தால்? 1957-ல் ஆறு சிலிண்டர், 60 ஹெச்.பி 'மார்க் 75' மோட்டாரை எடுத்துக்கொண்டு கீக்ஹேஃபர் ஃப்ளோரிடாவுக்குப் போனார். காட்டுக்கு நடுவே, வெளி ஆட்கள் எட்டிப் பார்க்க முடியாத ஓர் ஏரி. மேப்பில் அதன் பெயர் கான்லின் ஏரி. அவர் வைத்த பெயர் 'லேக் எக்ஸ்'. எதிரி கம்பெனிகளின் உளவாளிகள் மேல் அவருக்கு அவ்வளவு பயம், அவ்வளவு சந்தேகம்.

அந்த ஏரியில் இரவு பகலாகப் படகு சுற்றியது. பெட்ரோல் தீர்ந்தால் நிறுத்த மாட்டார்கள், இன்னொரு படகு பக்கத்தில் ஓடிவந்து நிரப்பும். ஓட்டுநர் மாறுவதும் ஓட்டத்திலேயே. இருட்டில் முதலைகள் வேறு. பூமியைச் சுற்றிவர சுமார் 25,000 மைல் இல்லையா... அந்த ஏரிக்குள்ளேயே பூமியை ரெண்டு முறை சுற்றிய தூரம், 50,000 மைல், 68 நாட்களில் ஓடிமுடித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 30 மைலுக்கு மேல். பேசியவர்கள் வாயை மூடினார்கள்.

இதற்கிடையே, தண்ணீரில் ஜெயித்தது போதாதென்று தரையிலும் இறங்கியிருந்தார். 1955-ல் நாஸ்கார் கார் ரேஸுக்குள் வெள்ளை கிரைஸ்லர் 300 கார்களோடு நுழைந்தார். மற்ற டீம்கள் காரைத் தாங்களே கட்டி இழுத்துக்கொண்டு வந்த காலம் அது. இவரது கார்களோ மூடிய டிரக்கில் வந்து இறங்கின, மெக்கானிக்குகள் யூனிஃபார்மில் நின்றார்கள். ரேஸ் நடக்கும் இடத்தின் மண்ணைக்கூட எடுத்துப் பரிசோதித்தார் என்பார்கள். புழுதி இன்ஜினைக் கெடுக்காமலிருக்க, காகித ஏர் ஃபில்ட்டர் மாட்டினார். முதல் வருடமே அவரது ஓட்டுநர் டிம் ஃப்ளாக் 18 ரேஸ்களில் ஜெயித்து சாம்பியன். 1956-ல் பக் பேக்கர் சாம்பியன். அந்த வருடம் கீக்ஹேஃபர் டீம் தொடர்ந்து 16 ரேஸ்களில் ஜெயித்தது.

ஆனால், ரசிகர்கள் கைதட்டவில்லை. ஊளையிட்டார்கள். ஒரே ஆள் எல்லாவற்றையும் ஜெயித்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? மெர்க்குரி பெயரை எல்லோர் வாயிலும் போடத்தான் அவர் அங்கே போனார். கிடைத்ததோ வசை. 1956 முடிந்ததும், வந்த வேகத்திலேயே டீமைக் கலைத்துவிட்டுக் கிளம்பினார்.

டிம் ஃப்ளாக் அதற்கு முன்பே, சாம்பியன் பட்டம் சூடேறி ஆறுவதற்குள், டீமைவிட்டு ஓடியிருந்தார். வயிற்றில் அல்சர். கீக்ஹேஃபரிடம் வேலை பார்ப்பது அப்படிப்பட்ட அனுபவம். நடு ராத்திரியில் போன் வரும். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் நடக்கும். ரேஸுக்கு முந்தைய இரவு, ஓட்டுநரும் மனைவியும் ஹோட்டலில் தனித்தனி அறையில் தங்க வேண்டும் என்று உத்தரவு. ஃபேக்டரியில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒருவனைக் கோபத்தில் அந்த இடத்திலேயே வேலையைவிட்டுத் தூக்கினார், அப்புறம்தான் தெரிந்தது, அவன் டெலிவரி கொடுக்க வந்த வெளி ஆள் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அவரோடு வேலை பார்த்தவர்கள் அதை நம்பினார்கள். அதுவே போதும், ஆள் எப்படி என்று புரிந்துகொள்ள.

இந்தக் குணத்துக்கு அவர் கொடுத்த விலை சின்னதல்ல. சார்லி ஸ்ட்ராங் என்ற இன்ஜினீயர் அவரிடம் இருந்தார். தானே ரேஸ் படகு ஓட்டுகிறவர், செட்டிங் பற்றி விரல்நுனியில் வைத்திருந்தவர். படகுக்குள்ளே கார் இன்ஜினை வைத்து, பின்பலகைக்கு வெளியே அவுட்போர்டு மாதிரி ஒரு காலை மட்டும் தொங்கவிடலாம் என்ற ஐடியாவை அவர் முன்வைத்தார். கீக்ஹேஃபர் தூக்கிப்போட்டுவிட்டார். அங்கிருந்து விலகிய ஜிம் வின் என்ற இன்னொரு இன்ஜினீயர், அதே ஐடியாவை ஸ்வீடனின் வால்வோவிடம் கொண்டுபோனார். 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் வால்வோ அதைக் காட்டியபோது, கீக்ஹேஃபருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். 1961-ல் 'மெர்க்ரூஸர்' என்ற பெயரில் அவரும் இறக்கி, சந்தையைப் பிடித்தார். அது வேறு விஷயம். ஸ்ட்ராங்கும் பின்னாளில் வெளியேறினார். சேர்ந்த இடம், எவின்ரூடையும் ஜான்சனையும் வைத்திருந்த பரம எதிரி கம்பெனி! அங்கே தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். மோட்டாரில் அரை இன்ச் மாறினாலே என்ன ஆகும் என்று கணக்குப் போட்ட மனுஷன், கூட இருக்கிறவர்களை எவ்வளவு இறுக்கினால் கழன்றுபோவார்கள் என்பதைக் கணக்கே போடவில்லை.

விற்றுவிட்டு நின்றவர்

1961-ல் இன்னொரு பெரிய முடிவு. கம்பெனியை வளர்க்கப் பணம் வேண்டும். பௌலிங் விளையாட்டுக் கருவிகளுக்குப் பேர்போன பிரன்ஸ்விக் நிறுவனத்தோடு மெர்க்குரியை இணைத்தார். தலைவர் நாற்காலி அவருக்கேதான். ஆனால், முதல்முறையாக அவருக்கு மேலே ஆட்கள் இருந்தார்கள். அடுத்த வருடமே 100 ஹெச்.பி அவுட்போர்டு என்ற பெரிய அடி அடித்தார். அதற்குப் பின்பு, உற்சாகம் குறைந்து உரசல் கூடியது. தான் குப்பையிலிருந்து எடுத்துக் கட்டிய கம்பெனியில், செலவுக்குக் கணக்கு கேட்டால் தாங்குகிற ஆளா அவர்? 1970-ன் தொடக்கத்தில் வெளியேறினார். கம்பெனியின் பெயரிலிருந்தும் கீக்ஹேஃபர் காணாமல்போனது. 'மெர்க்குரி மரைன்' மட்டும் மிஞ்சியது.

60 வயதைத் தாண்டியவர், கையில் தாராளமாகப் பணம் இருப்பவர் என்ன செய்வார்? தூண்டில் போடுவார். இவர் 'கீக்ஹேஃபர் ஏரோமரைன்' என்று அடுத்த கம்பெனியைத் தொடங்கினார். இந்த முறை கடல் ரேஸ் படகுகள். பெரிய இன்ஜின்கள். கூடவே, படகின் பின்பலகையில் பொருத்தும் சாய்வுத் தகடுகள். 'கே-பிளேன்' என்று பெயர். ஓடும்போதே தகட்டைக் கீழே இறக்கினால் மூக்கு அடங்கும், ஏற்றினால் மூக்கு தூக்கும். ரனபவுட் பையன்கள் கரையில் நின்று மரத்துண்டு வைத்துத் தேடிய அந்தச் சமநிலையை, ஓட்டுநர் இப்போது ஓடிக்கொண்டே ஒரு பட்டனில் தேடலாம்.

1983 அக்டோபர் 5-ல், 77-வது வயதில் கார்ல் கீக்ஹேஃபர் காலமானார். ஏரோமரைனை மகன் ஃப்ரெட் நடத்தினார். 1990-ல் அந்தக் கம்பெனியை ஒரு நிறுவனம் விலைக்கு வாங்கியது. வாங்கியது யார் தெரியுமா? அப்பாவோடு முட்டிக்கொண்ட அதே பிரன்ஸ்விக்! ரேஸ் மோட்டார்களுக்கென்றே இருக்கும் 'மெர்க்குரி ரேஸிங்' பிரிவின் தலைவராக ஃப்ரெட் கீக்ஹேஃபர் உட்கார்ந்தார். 20 வருடங்களுக்கு முன்பு அப்பா வெளியேறிய அதே மெர்க்குரிக்குள், அந்தக் குடும்பப் பெயர் திரும்பவும் நுழைந்தது.